ரத்தப் பிரிவும் பேறுகால ரத்தக்கொதிப்பும்

ஏபி பிரிவு ரத்தம் உள்ள பெண்களுக்குப் பேறுகாலத்தில் பிரஷர் வரும் என்று ஒரு பேச்சு உண்டு. அதில் உண்மை இருக்கிறது, ஆனால் கொஞ்சம்தான்.

சிவப்பணுவின் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றின் நுனியில் ஒட்டும் சர்க்கரையைப் பொறுத்துத்தான் ஏ, பி, ஏபி என்று பிரிக்கிறோம். இரண்டு சர்க்கரையும் ஒட்டாவிட்டால் அது ஓ. இதே சர்க்கரைகள் ரத்தம் உறைய உதவும் வான் வில்பிராண்ட் காரணி என்ற புரதத்தின் மீதும் இருக்கின்றன. ஓ பிரிவினரின் உடலில் அந்தப் புரதம் சீக்கிரம் கழிந்துவிடுவதால், மற்றவர்களைவிட அவர்களிடம் சுமார் 25 சதவீதம் குறைவாக இருக்கும். ஏ, பி, ஏபி பிரிவினருக்கு ரத்தம் சற்று எளிதாக உறையும்.

இதற்கும் பிரஷருக்கும் உள்ள தொடர்பு நஞ்சுக்கொடியில் இருக்கிறது. கர்ப்பத்தின் முதல் பாதியில் நஞ்சுக்கொடியின் அணுக்கள் கருப்பைச் சுவரின் சுருள் தமனிகளுக்குள் புகுந்து அவற்றை அகலப்படுத்த வேண்டும். அது சரியாக நடக்காவிட்டால், கன்னடியன் கால்வாய் நிரம்ப ஓடியும் மடை குறுகலாக இருப்பதால் வயல் காய்கிற கதைதான். ரத்தம் போதாத நஞ்சுக்கொடி சில புரதங்களைத் தாயின் ரத்தத்தில் கலக்கிறது. அவை ரத்தக் குழாய்களின் உள்சவ்வைக் கெடுக்கின்றன. குழாய்கள் இறுகிப் பிரஷர் ஏறும், சிறுநீரகம் வழியே சிறுநீரில் புரதம் கசியும், கல்லீரலும் மூளையும்கூடப் பாதிக்கப்படலாம். குறுகிய தமனியில் ரத்தம் எளிதாக உறைந்தால் நிலைமை இன்னும் மோசமாகும் என்பதுதான் ரத்தப் பிரிவின் மேல் சந்தேகம் விழக் காரணம்.

பின்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு ஏபி பெண்களுக்கு ஆபத்து ஏறக்குறைய இரு மடங்கு என்றது. ஸ்வீடனில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளைப் பார்த்தபோது, ஓ பிரிவினரைவிடக் கூடுதல் ஆபத்து 10 சதவீத அளவில்தான் நின்றது. இரு மடங்கு என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். 1000 கர்ப்பிணிகளில் 60 பேர் ஏபி. மற்ற 940 பேரில் 100-க்கு 5 வீதம் 47 பேருக்குப் பிரஷர். ஏபி-யில் 100-க்கு 10 வீதம் 6 பேருக்கு. ஏபி-யை மட்டும் கவனித்தால் 53 பேரில் 47 பேரைத் தவறவிடுவோம்.

தலைப்பிரசவம், முன் பிரசவத்தில் பிரஷர், இரட்டைப் பிள்ளை, சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, உடல் பருமன் ஆகியவை ரத்தப் பிரிவைவிடப் பல மடங்கு கனமான காரணங்கள். ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு 16 வாரத்துக்கு முன்பே தினமும் இரவில் குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்குவார்கள். மருத்துவர் சொல்லாமல் தொடங்கக் கூடாது. உப்பைக் குறைப்பதால் இது தடுக்கப்படுவதில்லை. கருவாட்டின் மேல் பழிபோடுவது வீண்.

நெகட்டிவ் ரத்தம் என்பது வேறு கதை. அங்கே சிக்கல் பிள்ளையின் ரத்தத்தோடு. அதற்குத்தான் 28-வது வாரத்திலும், பிள்ளை பாசிட்டிவ் என்றால் பிரசவமான 72 மணி நேரத்துக்குள்ளும் ஆன்டி-டி ஊசி. பிரஷருக்கும் அந்த ஊசிக்கும் சம்பந்தமில்லை.

20 வாரத்துக்குப் பிறகு 4 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை 140/90 அல்லது அதற்கு மேல் வந்தால் அது பேறுகால ரத்தக்கொதிப்பு. மேல் எண், கீழ் எண் இரண்டில் ஒன்று தாண்டினாலும் போதும். 160/110 என்றால் அன்றே ஆஸ்பத்திரி. ஆனால் அளப்பதிலேயே தப்பு நடக்கிறது. பஸ்ஸைவிட்டு இறங்கி வெயிலில் நடந்து வந்தவரை உடனே அளந்தால் கூடுதலாகக் காட்டும். 5 நிமிடம் முதுகு சாய்த்து, பாதம் தரையில் படும்படி பேசாமல் உட்கார வேண்டும். கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினாலும் கூடுதலாகத்தான் காட்டும். புரதம் பார்க்கக் கொடுக்கும் சிறுநீரையும் முதலில் கொஞ்சம் விட்டுவிட்டு நடுவில் பிடித்துக் கொடுக்க வேண்டும். வெள்ளைப்படுதல் கலந்தால் புரதம் இருப்பதுபோல் தெரியும்.

நம் திருநெல்வேலிப் பக்கம் இன்னொரு சிக்கல். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிள்ளைக்காரி தாய்வீட்டுக்குப் போவாள். களக்காட்டில் பதிந்தவள் திசையன்விளைக்குப் போய்விட்டால், அங்குள்ள கிராம சுகாதார செவிலியருக்கு அவளைத் தெரியாது. பிரஷர் தலைகாட்டுவதோ பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். சீர்வரிசையோடு தாய் சேய் அட்டையும் பிக்மி எண்ணும் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) போகட்டும். போய்ச் சேர்ந்த வாரமே அங்கே ஒருமுறை காட்டிவிட வேண்டும்.

நடந்து நடந்து காலில் வரும் வீக்கம் பெரும்பாலும் சாதாரணம். பீடித்தட்டோடு நாள் முழுக்க உட்கார்ந்தாலும் வரும். முகமும் கையும் திடீரென உப்புவது, விடாத தலைவலி, கண் மங்கல், வலது விலாவுக்குக் கீழ் வலி ஆகியவை அப்படியல்ல. ஜன்னி, அதாவது வலிப்பு, வந்துவிட்டால் இடப்பக்கமாகப் படுக்கவைத்து 108-ஐ அழைக்க வேண்டும். கையில் சாவியும் வேண்டாம், வாயில் கரண்டியும் வேண்டாம். வலிப்பை அடக்குவது மெக்னீசியம் சல்பேட் ஊசி. மேல்சிகிச்சைக்கு ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கு அனுப்பும் முன் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இரு புட்டத்திலும் 5 கிராம் வீதம் போட்டுவிடலாம்.

பிள்ளை பிறந்ததும் பிரஷர் இறங்கிவிடும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது. பிரசவமான மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரை அது மறுபடி ஏறுவது வழக்கம். பலர் வீட்டுக்கு வந்துவிடும் நாட்களும் அவைதான். அந்த வாரத்தில் ஒருமுறையாவது செவிலியரை வரவழைத்து அளந்துவிட வேண்டும்.