டென்ட்டில் குளிரைக் கிளப்புவது தரைதான்

கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூர், பூம்பாறை பக்கம் டிசம்பர், ஜனவரியில் டென்ட் போட்டுப் படுப்பவர்கள் பாதி ராத்திரியில் நடுங்கி எழுந்தால், இன்னொரு போர்வையை எடுத்து மேலே போர்த்திக்கொள்வார்கள். அதை மடித்துக் கீழே விரித்திருந்தால் கூடுதல் பலன் இருந்திருக்கும்.

கம்பளியோ ஸ்லீப்பிங் பேக்கோ தானாகச் சூடு தருவதில்லை. இழைகளுக்கு நடுவே அசையாமல் சிக்கிக் கிடக்கும் காற்றுதான் உடல் சூட்டை வெளியே விடாமல் தடுக்கிறது. நாம் படுத்ததும் முதுகுக்கு அடியிலுள்ள பஞ்சு நசுங்கி, அந்தக் காற்று வெளியேறிவிடுகிறது. அதன்பின் சூடு நேரே மண்ணுக்கு இறங்கும். மண் ஈரமாக இருந்தால் இன்னும் மோசம்; தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தக்கூடியது.

ஆகவே நசுங்காத விரிப்பு வேண்டும். விரிப்பு வெப்பத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதை ஆர் மதிப்பு என்ற எண்ணால் குறிப்பார்கள். நல்ல ஃபோம் மேட்டுக்கு இது சுமார் 2. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு விரித்தால் மதிப்புகள் கூடிவிடும், 4 கிடைக்கும்; மேல்மலைக் குளிருக்கு அது தாராளம். பலர் ஏமாறுவது காற்றடைத்த மெத்தையில். நான்கு விரல் உயரம் இருக்கும், மெத்தென்று இருக்கும், ஆனால் உள்ளே தடுப்பு எதுவும் இல்லாவிட்டால் காற்று சுழன்று சுழன்று சூட்டைத் தரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். கையில் அதுதான் இருக்கிறது என்றால் அதன்மேல் ஒரு ஃபோம் மேட்டை விரியுங்கள்.

ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது லேபிளில் ‘கம்ஃபர்ட்’ என்ற வெப்பநிலையை மட்டும் நம்புங்கள். ‘எக்ஸ்ட்ரீம்’ என்பது உயிர் தப்பும் எல்லை, தூங்கும் எல்லை அல்ல.

இடமும் முக்கியம். குளிர்ந்த காற்று கனமானது, இரவில் சரிவு வழியே இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஊட்டியில் உறைபனி முதலில் பள்ளத்துப் புல்வெளிகளில் படிவது இதனால்தான். ஓடைக்கரையை விட்டுச் சற்று மேட்டில், மரத்தடியை ஒட்டி டென்ட் போடலாம். பட்ட கிளை தலைக்கு மேலே இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படுக்கும் முன் இறுக்கமாக மூடும் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, சாக்ஸுக்குள் போட்டுக் கால்மாட்டில் வையுங்கள். பாதம் சூடானால் அங்கே ரத்தக் குழாய்கள் விரிந்து, உடலின் உள்வெப்பம் மெல்ல இறங்கும். தூக்கம் வர அது தேவை.

குளிருக்குப் பயந்து டென்ட்டின் காற்றுத் திறப்புகளை அடைக்காதீர்கள். மூச்சின் ஈரம் துணியில் பட்டுத் துளியாகி, விடியும்போது படுக்கையை நனைத்துவிடும். கரி அடுப்பை உள்ளே கொண்டுவரவே கூடாது, கங்கு அணையும் நிலையில் இருந்தாலும் சரி. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை; தூங்குபவரை அது எழுப்பாது.