ஒரே வயர், இரண்டு முனை, முடங்கிய கடை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கடைக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுத்திருந்தேன். பில் போடும் கம்ப்யூட்டர்களையும் எட்டு கேமராக்களையும் வயரால் ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டிதான் சுவிட்ச். ஒருநாள் காலையிலேயே போன். "சார், பில்லே போட முடியல. சுவிட்ச்சுல லைட்டு மட்டும் பேய் பிடிச்ச மாதிரி மின்னுது."

போய்ப் பார்த்தால், கழன்று கிடந்த வயர் முனை ஒன்றை யாரோ நல்ல மனசோடு காலியாக இருந்த போர்ட்டில் (வயர் செருகும் துளை) செருகியிருக்கிறார்கள். அதன் மறுமுனையும் அதே சுவிட்ச்சில்தான் இருந்தது!

இதற்கா கடையே படுத்துவிடும்? படுக்கும். சுவிட்ச்சுக்கு யார் எங்கே இருக்கிறார்கள் என்று முன்கூட்டியே தெரியாது. வரும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்திலும் அனுப்பியவரின் மேக் முகவரி இருக்கும். அது கருவியை அடையாளம் காட்டும் 48 பிட் எண். '3ஆம் போர்ட்டில் இவர்' என்று அதைப் பார்த்துக் குறித்துக்கொள்ளும். பெறுநர் குறிப்பில் இருந்தால் அந்தப் போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும். இல்லாவிட்டால், வந்த வழி தவிர மற்ற எல்லா வழியிலும் விடும். பதில் வந்ததும் அவர் இடமும் தெரிந்துவிடும். பொதுவாக 5 நிமிடம் வாய் திறக்காதவரின் குறிப்பை அழித்துவிடும்.

கம்ப்யூட்டர்கள் அவ்வப்போது "இந்த ஐபி யாருடையது?" என்று எல்லோருக்குமாகக் குரல் கொடுக்கும். ஐபி என்பது நெட்வொர்க்கில் கருவிக்குத் தரும் இன்னொரு முகவரி. நம் வயர் வழியே வெளியே போன அந்தக் குரல் மறுமுனையில் திரும்ப உள்ளே வரும். சுவிட்ச் அதைப் புதிதென்று நினைத்து மறுபடி எல்லோருக்கும் அனுப்பும். ஐபி பொட்டலத்துக்காவது, ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பும் ஒவ்வொரு ரவுட்டரிலும் ஆயுள் ஒன்று குறையும். சுவிட்ச் கையாளும் ஈதர்நெட் பொட்டலத்துக்கு அந்தக் கணக்கே கிடையாது, சாகாமல் சுற்றும். அந்த நெரிசலில் பில்லுக்கு வழியே இருக்காது.

இதற்கு 1985இலேயே டெக் (DEC) என்ற அமெரிக்கக் கம்ப்யூட்டர் நிறுவனத்தில் ரேடியா பெர்ல்மன் வழி கண்டுவிட்டார். ஸ்பேனிங் ட்ரீ என்று பெயர். சுவிட்ச்சுகள் தமக்குள் பேசி, வளையம் தெரிந்தால் ஒரு வழியை அடைத்துவிடும். விலை மலிந்த பெட்டிகளில் பெரும்பாலும் இது இருக்காது. நான் மாட்டியதும் அப்படி ஒன்றுதான், என் தப்பு.

அதனால் ஸ்பேனிங் ட்ரீ உள்ள சுவிட்ச்சாக மாற்றினேன். மாற்றும்போதே கேமராக்களின் மின்சாரக் கணக்கையும் பார்த்தேன். வயரிலேயே கரண்ட் தரும் பழைய தரத்தில் போர்ட்டுக்கு 15.4 வாட் வரை உண்டு. ஆனால் பெட்டியின் மொத்தம் 60 வாட் என்றால் எட்டு கேமராவுக்கும் அது முழுதாகக் கிடைக்காது. இரவில் கேமராவின் அகச்சிவப்பு விளக்கு எரிந்து கூடுதல் கரண்ட் இழுக்கும்போதுதான் வண்டவாளம் தெரியும்.

புது சுவிட்ச்சை மாட்டியதும் அதே வயரை வேண்டுமென்றே இரு முனையும் செருகிப் பார்த்தேன். ஒரு போர்ட் அடைபட்டது. பில் போடுகிறவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.