நகைக்கடன் வட்டியை எந்த ஏஐயிடம் கேட்பது?

போன மாதம் அக்கா அடகு வைத்த நகையைத் திருப்ப வங்கிக்குப் போனாள். கையில் எவ்வளவு கொண்டுபோக வேண்டும் என்று, கிளம்பும் முன் செல்போனில் இருந்த ஒரு சாட்பாட்டிடம் கேட்டுக்கொண்டாள். அசல் 1,43,500 ரூபாய், ஆண்டு வட்டி 9.25 சதவீதம், 287 நாள். கண் இமைக்கும் நேரத்தில் பதில் வந்தது: வட்டி 10,182 ரூபாய். வங்கியிலோ 10,437 என்றார்கள். 255 ரூபாய் எதற்குக் கூடுதல் என்று கவுண்டரில் வாக்குவாதம். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கவே, பணத்தைக் கட்டி நகையை வாங்கிக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

கால்குலேட்டரை எடுத்தேன். அசலை 0.0925 ஆல் பெருக்கினால் ஓராண்டு வட்டி 13,273 ரூபாய் 75 காசு. அதை 287 ஆல் பெருக்கி 365 ஆல் வகுத்தால் 10,437 ரூபாய் 17 காசு. வங்கிக் கணக்குதான் சரி. அக்காவால் நம்பவே முடியவில்லை. "கம்ப்யூட்டருக்கா பெருக்கத் தெரியாது? அப்போ எந்த ஏஐ நல்லது, அதைச் சொல்லு. அதையே வச்சுக்கிறேன்."

சாட்ஜிபிடியா, ஜெமினியா, கிளாடா என்று பெயர் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: நீங்கள் கேட்கும் கேள்விக்கு அந்த சாட்பாட் எந்த வழியில் பதிலைக் கொண்டுவருகிறது என்று பாருங்கள். ஒரே சாட்பாட் சில நேரம் நினைவிலிருந்து சொல்லும், சில நேரம் இணையத்தில் தேடும், சில நேரம் நாம் கொடுத்த தாளைப் படிக்கும், சில நேரம் ஒரு சின்ன நிரல், அதாவது கணினிக்கான கட்டளைகள், எழுதிக் கணக்குப் போடும். வெளியில் பார்க்க எல்லாம் ஒரே மாதிரி உரையாடல். உள்ளே நடப்பது வேறு வேறு.

அக்காவின் கேள்விக்கு வந்தது நினைவிலிருந்து சொன்ன பதில். இன்றைய சாட்பாட்களின் அடியில் இருப்பது மொழி மாதிரி (லாங்குவேஜ் மாடல்). கூகுள் ஆய்வாளர்கள் எட்டுப் பேர் 2017இல் முன்வைத்த டிரான்ஸ்ஃபார்மர் என்ற அமைப்பிலிருந்து வளர்ந்தது. கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, இதுவரை வந்த சொற்களுக்கு அடுத்து எந்தத் துண்டு வரும் என்று கணிக்கக் கற்றுக்கொண்டது அது. அந்தத் துண்டுக்கு டோக்கன் என்று பெயர். எண்களையும் அது இப்படித் துண்டுகளாகத்தான் பார்க்கிறது. நகைக்கடன், ஒன்பது சதவீதம், ஏறக்குறைய பத்து மாதம் என்றால் வட்டி பத்தாயிரத்தை ஒட்டி வரும் என்பது அதற்கு நன்றாகவே பிடிபட்டிருக்கிறது. அதனால்தான் 10 என்று சரியாக ஆரம்பித்தது. மிச்சமுள்ள மூன்று இலக்கங்கள், அந்த இடத்தில் பொருத்தமாகத் தோன்றிய இலக்கங்கள். அவ்வளவுதான்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஒவ்வொரு டோக்கனைச் சொல்வதற்கும் மாதிரி செலவிடும் உழைப்பு ஏறக்குறைய ஒரே அளவுதான். 'யாதும் ஊரே' என்று தொடங்கினால் அடுத்து 'யாவரும்' என்று சொல்வதற்கும், ஒரு பெரிய பெருக்கலின் விடையைச் சொல்வதற்கும் அதே அளவு உழைப்பு. நம்மிடமும் ஒருவர் 13,273.75 பெருக்கல் 287 எவ்வளவு என்று கேட்டு உடனே விடை கேட்டால் தடுமாறத்தான் செய்வோம். பேப்பரும் பேனாவும் கொடுத்தால் போட்டுவிடுவோம். மாதிரிக்கும் அப்படியே. வழியைப் படிப்படியாக எழுதவிட்டால், எழுதிய ஒவ்வொரு வரியும் அடுத்த வரிக்குக் கைப்பிடியாகிறது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஓ1, 2025 ஜனவரியில் வந்த டீப்சீக் ஆர்1 போன்றவை இந்தப் பழக்கத்தையே பயிற்சியாகப் பெற்றவை. பதில் சொல்லும் முன் நீளமாக எழுதிப் பார்த்துக்கொள்ளும். இப்போது பல செயலிகளில் 'திங்கிங்' என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அது இதுதான். பத்தாம் வகுப்புக் கணக்கு, இரண்டு கடன் திட்டங்களில் எது லாபம், எட்டுப் பேருக்கு ரயில் மாறிப் போகும் பயணத் திட்டம் போன்ற, ஒன்றோடொன்று முடிச்சுப் போட்ட வேலைகளுக்கு அதை அழுத்துங்கள். பிறந்தநாள் வாழ்த்து எழுத அது தேவையில்லை. காத்திருக்கும் நேரம்தான் வீண்.

வட்டிக் கணக்குக்கு அதைவிட உறுதியான வழி, கருவி. மாதிரி பைத்தான் என்ற கணினி மொழியில் நாலு வரி நிரல் எழுதும், கணினி அதை ஓட்டும், வந்த விடையை மாதிரி நமக்குச் சொல்லும். சாட்ஜிபிடியில் இந்த வசதி 2023 ஜூலையில் கட்டணச் சந்தாதாரர்களுக்கு வந்தது. அப்புறம் மற்றவையும் கொண்டுவந்தன. "நிரல் எழுதி ஓட்டிக் கணக்கிட்டுச் சொல்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அக்காவின் போனில் அதே சாட்பாட்டில், அதே கேள்வியோடு இந்த வரியைச் சேர்த்து அனுப்பினேன். 10,437.17 என்று காசு சுத்தமாக வந்தது. சாட்பாட்டை மாற்றவே இல்லை. வழியை மட்டும்தான் மாற்றினேன்.

சரி, இன்றைய தங்க விலை? அடுத்த மாதத் தேர்வுத் தேதி? இதற்கு எவ்வளவு யோசிக்க வைத்தாலும் பயன் இல்லை. மாதிரியின் படிப்பு ஒரு தேதியோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பின் நடந்தது அதற்குத் தெரியாது. இங்கே தேவை இணையத் தேடலோடு இணைந்த சாட்பாட். பெர்ப்ளெக்ஸிட்டி ஆரம்பத்திலிருந்தே இந்த வேலைக்காகக் கட்டப்பட்டது. ஜெமினி, சாட்ஜிபிடி, கோபைலட், கிளாட் எல்லாமே இப்போது தேடுகின்றன. நம் கேள்வியைத் தேடுசொற்களாக மாற்றி, கிடைத்த பக்கங்களைத் தன் முன்னால் விரித்து வைத்துக்கொண்டு, அவற்றைப் படித்துப் பதில் எழுதுகிறது. ஆகவே பதிலின் தரம் அது எடுத்துக்கொண்ட பக்கத்தின் தரம்தான். பதிலில் உள்ள இணைப்பை ஒரு முறை தட்டிப் பாருங்கள். அரசு அறிவிப்பா, எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய செய்தியா என்று அதில் தெரிந்துவிடும். இணைப்பே இல்லாமல் இன்றைய செய்தியைச் சொன்னால், அது நினைவிலிருந்து சொல்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வித்தியாசம் தெரியாமல் மாட்டிக்கொண்டவர்கள் படித்தவர்களே. 2023இல் நியூயார்க்கில் ஏவியாங்கா விமான நிறுவனத்தின் மேல் போட்ட வழக்கில், வழக்கறிஞர்கள் மேற்கோள் காட்டிய முன் தீர்ப்புகள் சில நிஜத்தில் கிடையாது. சாட்ஜிபிடி கொடுத்தவை அவை. சந்தேகம் வந்தபோது அவர்களில் ஒருவர், இது உண்மையான வழக்குதானா என்று அதனிடமே கேட்டிருக்கிறார். உண்மைதான் என்று அதுவும் சொல்லியிருக்கிறது. நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். தீர்ப்பு எப்படி எழுதப்பட்டிருக்கும், வழக்குப் பெயர் எப்படி இருக்கும், ஆண்டும் பக்க எண்ணும் எந்த இடத்தில் வரும் என்பதெல்லாம் மாதிரிக்கு அத்துப்படி. அந்த வடிவத்தில் ஒன்றைச் செய்து கொடுத்துவிட்டது. சொன்னதை அதனிடமே சரிபார்ப்பது, சாட்சியையே நீதிபதியாக உட்கார வைப்பது போல.

மூன்றாவது வகை வேலை, கையில் இருக்கும் தாள். மருத்துவக் காப்பீட்டுப் பத்திரம், வீட்டு வாடகை ஒப்பந்தம், பிள்ளையின் பாடப்புத்தகம். கூகுளின் நோட்புக்எல்எம் நாம் கொடுத்த ஆவணங்களை அடிப்படையாக வைத்தே பதில் சொல்லி, எந்த வரியிலிருந்து எடுத்தது என்றும் காட்டும். காப்பீட்டுப் பத்திரத்துக்கு நான் எப்போதும் இதைத்தான் சொல்வேன். கிளாட், ஜெமினி போன்றவற்றிலும் கோப்பை ஏற்றலாம். ஜெமினி 1.5 மாதிரி 2024 பிப்ரவரியில் பத்து லட்சம் டோக்கன் வரை ஒரே மூச்சில் பார்க்கும் திறனோடு அறிவிக்கப்பட்டது. ஆனால் நீளமான ஆவணத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் இருப்பதைப் பிடித்துக்கொள்ளும் மாதிரிகள், நடுவில் இருப்பதைக் கோட்டை விடுகின்றன என்று 2023இல் ஓர் ஆய்வு காட்டியது. புது மாதிரிகள் தேறியிருக்கின்றன. இருந்தாலும் முழுப் பத்திரத்தையும் கொடுத்து "சுருக்கு" என்பதைவிட, "கண்புரை அறுவைக்கு எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும், அந்த வரியை அப்படியே எடுத்துக் காட்டு" என்று கேட்பது பாதுகாப்பு.

தமிழ் ஆவணம் என்றால் இன்னொரு சிக்கல். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறிமுறையான யூனிகோடுக்கு முந்தைய பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பிடிஎஃப்கள் இன்னும் நிறையப் புழங்குகின்றன. திரையில் 'அம்மா' என்று அழகாகத் தெரியும். கோப்புக்குள் இருப்பதோ எம், கே, ஓர் அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகள். சாட்பாட் கோப்பின் எழுத்தை எடுத்தால் அதற்குக் கிடைப்பது அந்தக் குறிகள்தான். அதை வைத்துக்கொண்டு அது எதையாவது ஊகித்துச் சொன்னாலும் சொல்லும். தெரிந்தவர் ஒருவருக்குப் பட்டா மாறுதல் தொடர்பான ஒரு கடிதத்தில் இப்படி ஆனது. கோப்பை விட்டுவிட்டு, பக்கத்தைப் போட்டோ எடுத்துக் கொடுத்தோம். படமாகப் பார்த்ததும் சரியாகப் படித்துவிட்டது.

தமிழைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் டோக்கன் கதைக்குத்தான் திரும்ப வேண்டும். 'அம்மா' என்ற சொல் யூனிகோடில் ஐந்து குறிகள்: அ, ம, புள்ளி, ம, துணைக்கால். கணினியில் வழக்கமான யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் ஒவ்வொன்றுக்கும் 3 பைட் (சேமிப்பு அளவு), மொத்தம் 15. அதையே ஆங்கில எழுத்தில் எழுதினால் 4 பைட். பழைய மாதிரிகளின் டோக்கன் அகராதி பெரும்பாலும் ஆங்கிலத்தைப் பார்த்துத் தயாரானது. அதனால் தமிழ்ச் சொற்கள் பொடிப்பொடியாக உடைந்தன. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வந்தபோது ஓப்பன்ஏஐ ஓர் எடுத்துக்காட்டு வாசகத்தின் டோக்கன்களை எண்ணிக் காட்டியது. தமிழில் முன்பு 116 டோக்கன், புது அகராதியில் 35. ஆங்கிலத்தில் 27, இப்போது 24. நமக்கு இதனால் என்ன? டோக்கன் அதிகமானால் பதில் மெதுவாக வரும், இலவச அளவு சீக்கிரம் தீரும், நீண்ட உரையாடலில் முதலில் சொன்னது சீக்கிரம் மறந்துபோகும். தமிழில் பழைய மாதிரியை ஒரு முறை முயன்றுவிட்டு வெறுத்துப்போனவர்கள் புதிதாக ஒன்றை மறுபடி முயன்று பார்க்க இது நல்ல காரணம்.

ஆனாலும் எண்ணிக்கை குறைந்ததால் மட்டும் தமிழ் வந்துவிடாது. உறவுமுறையை வைத்துப் பாருங்கள். சகலைக்கு ஒரு கடிதம், ஓரகத்திக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழில் எழுதும் மாதிரி இரண்டு இடத்திலும் "அன்புள்ள சகோதரர்", "அன்புள்ள சகோதரி" என்று ஆரம்பித்து, "இந்தக் கடிதம் உங்களை நலமாகக் கண்டடையும் என நம்புகிறேன்" என்று போடும். தமிழ் வாசனை உள்ள மாதிரியோ, சகலை என்றால் மனைவியின் சகோதரியுடைய கணவர் என்று புரிந்துகொண்டு, குடும்பத்தில் எல்லோரையும் விசாரித்துத் தொடங்கும். தமிழ்க் கடிதம், மனு, அழைப்பிதழ் வாசகம் இவற்றுக்கு சாட்பாட் தேட இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை. பேச்சை எழுத்தாக்கவும் மொழிபெயர்க்கவும், இந்திய மொழிகளுக்காகவே உழைப்பவர்களையும் பாருங்கள். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 இந்திய மொழிகளுக்கான மொழிபெயர்ப்பு மாதிரியை 2023இல் வெளியிட்டது. பெங்களூரின் சர்வம் நிறுவனமும் இந்திய மொழிப் பேச்சில் கவனம் வைத்து வேலை செய்கிறது.

உடல்நலம், வேலையை விடலாமா, நிலம் வாங்கலாமா போன்றவற்றில் சாட்பாட்டின் வேறொரு குணம் குறுக்கே வருகிறது. அதற்கான கடைசிக்கட்டப் பயிற்சியில் ஒரு பகுதி, மக்கள் விரும்பிய பதில்களைப் பார்த்து நடக்கிறது. அதனால் நம் மனதுக்குப் பிடித்ததைச் சொல்லும் பக்கம் சாய்கிறது. 2025 ஏப்ரலில் ஓப்பன்ஏஐ, அளவுக்கு மீறி ஆமாம் போடுகிறது என்று தன் ஜிபிடி-4ஓ புதுப்பிப்பு ஒன்றையே திரும்பப் பெற்றது. ஆகவே உங்கள் ஆசையைக் கேள்வியில் காட்டாதீர்கள். "இந்த இடம் நல்ல இடம்தானே?" என்று கேட்காமல், "இந்த இடத்தை வாங்க வேண்டாம் என்பவர் என்னென்ன காரணம் சொல்வார்?" என்று கேளுங்கள். ரத்தப் பரிசோதனைத் தாளைக் கொடுத்தால், மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருந்தின் அளவை அதனிடம் முடிவு செய்யாதீர்கள். ஆதார் எண், வங்கி விவரம் எதையும் எந்தச் சாட்பாட்டிலும் போட வேண்டாம். தாளில் இருந்தால் மறைத்துவிட்டுப் படம் எடுங்கள்.

இணையத்தில் தரவரிசைப் பட்டியல்களும் உண்டு. பெர்க்லி ஆய்வாளர்கள் 2023இல் சாட்பாட் அரீனா என்ற பெயரில் தொடங்கிய தளத்தில், பெயர் மறைத்த இரண்டு பதில்களைப் பார்த்து மக்கள் வாக்களிக்கிறார்கள். நேர்மையான ஏற்பாடு. ஆனால் நீளமாகவும் அழகாக அடுக்கியும் எழுதிய பதில் கூடுதல் வாக்கு வாங்குவதைக் கண்டு, அந்த விளைவைக் கழித்துப் பார்க்கும் முறையை அவர்களே சேர்க்க வேண்டியிருந்தது. அந்தப் பட்டியலில் உங்கள் வீட்டு வேலை இருக்காது.

அதனால் அக்காவுக்கு ஒரு நோட்டு போட்டுக் கொடுத்தேன். அவள் அன்றாடம் செய்யும் வேலையிலிருந்தே, விடை நமக்கு ஏற்கெனவே தெரிந்த ஐந்து கேள்விகள். சீட்டுக் கணக்கு ஒன்று. காப்பீட்டுப் பத்திரத்தின் நடுப்பக்கத்திலிருந்து ஒன்று. ஓரகத்திக்கு ஒரு கடிதம். இல்லாத ஓர் அரசுத் திட்டத்தின் பெயரைச் சொல்லி அதில் எப்படிச் சேருவது என்று ஒன்று. அப்படித் திட்டமே இல்லை என்று சொல்கிறதா, விண்ணப்பிக்கும் வழியைக் கட்டி விடுகிறதா என்று அதில் தெரியும். புதுச் சாட்பாட் வந்தாலும், பழையதே புதுப்பிக்கப்பட்டாலும், இந்த ஐந்தையும் கேட்டுப் பார்க்கப் பத்து நிமிடம் ஆகும். நோட்டின் முதல் பக்கத்தில் அவளே எழுதியிருக்கிறாள்: 1,43,500 ரூபாய், 9.25 சதவீதம், 287 நாள். கீழே சிவப்பு மையில் அடிக்கோடிட்டு, 10,437.