தண்டு: கன்டோன்மென்டின் பழைய பெயர்

பெங்களூரு கன்டோன்மென்ட் ரயில் நிலையத்துக்குக் கன்னடத்தில் 'தண்டு' என்று பெயர். சிவாஜிநகர்ப் பக்கம் தண்டு மாரியம்மன் கோயிலும் உண்டு. புதிதாக இங்கே வரும் தமிழர் இதைக் கன்னடச் சொல் என்றே நினைக்கிறார்கள். நமக்கு மிஞ்சியது வாழைத்தண்டும் கீரைத்தண்டும்தானே!

தண்டு என்றால் படை. கோலையும் ஆணையையும் குறிக்கும் வடமொழி 'தண்ட'த்தோடு உறவுள்ள சொல், தண்டநாயகன் படைத்தலைவன். ராஜராஜ சோழனின் கல்வெட்டுகளில் அவன் புகழைப் பாடும் மெய்க்கீர்த்தி, அவன் வென்ற நாடுகளைக் கங்கபாடி, நுளம்பபாடி என்று அடுக்கிக்கொண்டே போய், 'திண்டிறல் வென்றித் தண்டாற் கொண்ட' என்கிறது. அந்தக் கங்கபாடியில்தான் இன்றைய பெங்களூருவும் அடங்கும்.

கன்டோன்மென்ட் பிரெஞ்சிலிருந்து வந்தது. மூலை, நிலப்பகுதி என்ற பொருளில் தொடங்கி, படையைப் பிரித்துத் தங்கவைக்கும் இடமாகி, இந்தியாவில் நிரந்தரப் படையூர் ஆகிவிட்டது. 1791 மார்ச் 21 இரவு ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸின் படை, திப்பு சுல்தான் வசமிருந்த பெங்களூருக் கோட்டை மதிலை உடைத்துப் புகுந்தது. 1799இல் திப்புவின் தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. 1809இல் அல்சூர்ப் பக்கம் கன்டோன்மென்ட் எழுந்தது. அதன் பின்னால் வந்து குடியேறியவர்களில் நம்மவர்கள் ஏராளம்.

தமிழில் என்ன சொல்வது? பாசறை போர்க்களத்துத் தற்காலிகக் கூடாரம். படைவீடு பொருத்தம்தான், ஆனால் அதை முருகன் எடுத்துக்கொண்டார். பாளையம் ஊர்ப்பெயராகக் கரைந்துவிட்டது. தண்டுதான் சரி என்பேன், கொஞ்சம் நெருடலோடு.

ஏனென்றால், கார்ன்வாலிஸ் வந்ததை நாம் படையெடுப்பு, ஆக்கிரமிப்பு என்கிறோம். ராஜராஜன் வந்ததை வெற்றி என்கிறோம். சோழர் படையால் அழுதவர்கள் இல்லையா? இருந்தார்கள். தார்வாடுப் பகுதி ஹொட்டூரில் 1007ஆம் ஆண்டுச் சாளுக்கியக் கல்வெட்டு, ஒன்பது லட்சம் பேருடன் வந்த சோழப்படை நாட்டைச் சூறையாடியது, பெண்களையும் குழந்தைகளையும் கொன்றது என்கிறது. ஒன்பது லட்சம் மிகைதான், எதிரி எழுதியது. மெய்க்கீர்த்தி மட்டும் யார் எழுதியது? நாம் மனப்பாடம் செய்தது அதை. ஹொட்டூரை ஆய்வாளர்களிடம் விட்டுவிட்டோம்.

நூறாண்டு கழித்துச் சோழரிடமிருந்து காவிரிக்கரைத் தலக்காட்டைப் பிடித்த ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனன் சூடிக்கொண்ட பட்டம் 'தலகாடுகொண்ட'. கங்கைகொண்டானில் உள்ள அதே 'கொண்ட'.