மனசாட்சியும் பக்கத்தில் இருப்பவரும்

15 வோல்ட்டில் தொடங்கி 450 வோல்ட் வரை, வரிசையாக 30 சுவிட்சுகள். 1961-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் பயன்படுத்திய, மின் அதிர்ச்சி தருவதாகச் சொல்லப்பட்ட கருவி இது. அடுத்த அறையில் கட்டிவைக்கப்பட்டிருப்பவர் தப்பாகப் பதில் சொல்லச் சொல்ல, பக்கத்தில் இருக்கும் ஆய்வாளரின் உத்தரவுப்படி சோதனைக்கு வந்தவர் ஒவ்வொரு சுவிட்சாக அழுத்தி மேலே போக வேண்டும். உண்மையில் அங்கே மின்சாரம் பாயவில்லை. கட்டப்பட்டவர் ஆய்வுக் குழுவின் ஆள். அழுத்துபவருக்கு அது தெரியாது. 40 பேரில் 26 பேர் கடைசி சுவிட்சையும் அழுத்தினார்கள்.

இந்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மனிதர்கள் கொடூரமானவர்கள் என்று முடிவுகட்டுவது பெரிய தவறு. அழுத்தியவர்களில் பலருக்கு வியர்த்தது, கை நடுங்கியது, 'போதும்' என்று கெஞ்சினார்கள். தாங்கள் செய்வது தவறு என்று அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்ததைச் செயலாக்க விடாமல் தடுத்தது எது என்பதுதான் கேள்வி.

விடை, மில்கிராம் அறையை மாற்றி மாற்றி அமைத்துப் பார்த்ததில் இருக்கிறது. வலியால் துடிப்பவரை அதே அறையில் உட்காரவைத்தபோது கடைசிவரை போனவர்கள் 16 பேர். அவர் கையைப் பிடித்து மின் தகட்டில் அழுத்த வேண்டியிருந்தபோது 12 பேர். உத்தரவிடும் ஆய்வாளர் வெளியே போய்த் தொலைபேசியில் பேசியபோது 9 பேர். சுவிட்சை இன்னொருவர் அழுத்த, இவர் கேள்வியை மட்டும் வாசித்தால் போதும் என்றபோதோ 37 பேர் கடைசிவரை உடனிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் 40 பேர்தான். மாறியது இடமும் பொறுப்பும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான மாற்றம் ஒன்று உண்டு. பக்கத்தில் இரண்டு 'சக பங்கேற்பாளர்களை' உட்காரவைத்தார்கள். ஒருவர் 150 வோல்ட்டில் எழுந்து விலகினார், மற்றவர் 210-இல். இருவரும் நடிகர்கள். அதைப் பார்த்த பிறகு 450 வரை போனவர்கள் வெறும் 4 பேர். மறுக்கலாம், மறுத்தால் ஒன்றும் ஆகிவிடாது என்பதை யாராவது கண்முன் காட்ட வேண்டியிருந்தது.

சோதனையை எல்லோருமே உண்மை என்று நம்பினார்களா என்ற நியாயமான விமர்சனம் இன்றும் இருக்கிறது. ஆனாலும் அந்த 15 வோல்ட் படிகளை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். 195-ஐ அழுத்தியவர் 210-இல் நிறுத்த வேண்டுமானால், 195-உம் தவறு என்று ஒப்புக்கொள்ள வேண்டும். படி சின்னதாக இருப்பதால் நிறுத்த ஓர் இடம் கிடைப்பதில்லை. கட்டப்பட்டவரின் குரல் கேட்கும்படி அமைத்த சோதனைகளில், மறுத்தவர்களில் பலர் 150-இல்தான் மறுத்தார்கள். 'என்னை வெளியே விடுங்கள்' என்று அவர் முதன்முதலாகக் கேட்டது அங்கேதான்.