பூசணிக்காயும் போர்க்கப்பலும்

மரத்தில் மாதிரிக் கப்பல் செய்ய உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதல் பலகையிலேயே ஏமாறுவார்கள். நானும் ஏமாந்தேன். கப்பலின் எலும்புக்கூடு மேஜைமேல் நிற்கிறது. கையில் 5 மி.மீ. அகலம், 1.5 மி.மீ. தடிமனில் நேரான ஒரு பலகை. நடுவில் வைத்தால் பாந்தமாக உட்காருகிறது. அணியத்தை, அதாவது கப்பலின் மூக்கை, நோக்கி வளைத்துக்கொண்டே போனால் நுனி தானாக மேலே ஏறுகிறது. கீழே இழுத்துப் பிடித்தால் ஒரு ஓரம் சட்டத்தை விட்டு எழும்பி நிற்கிறது. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். படக்!

கைப்பழக்கம் போதவில்லை என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். பலகைக்கு ஒரு பிடிவாதம் இருப்பது பிறகுதான் புரிந்தது. தட்டையான பக்கமாக எளிதில் வளையும், முறுக்கவும் செய்யலாம். ஆனால் ஓரம் வழியாக, மேஜையில் படுத்திருக்கும் ஸ்கேலை வில்லாக்குவது போல, வளைக்க முடியாது. அகலத்தைத் தடிமனால் வகுத்து, வருவதை அதனாலேயே பெருக்கினால், ஓரமாக வளைப்பது எத்தனை மடங்கு கடினம் என்று தெரிந்துவிடும். என் பலகைக்கு அது 11 மடங்கு.

கப்பலின் உடம்போ ஒரே திசையில் வளைந்தது அல்ல. நீளவாக்கிலும் வளைவு, மேலிருந்து கீழாகவும் வளைவு. ஒரு பூசணிக்காயின் மேல் நீளமான காகிதப் பட்டைகளைக் காம்பிலிருந்து அடிவரை ஒட்டிப் பாருங்கள். நடுவில் பக்கத்தில் பக்கமாக நிற்கும், காம்பருகே ஒன்றன்மேல் ஒன்று ஏறும். பூசணியின் கீற்று எப்படி இருக்கிறது? நடுவில் அகலம், இரு முனையிலும் குறுகல். கப்பல் பலகையும் அப்படித்தான் சீவப்பட வேண்டும்.

ஒரு நிஜக் கப்பலை எடுத்துக்கொள்வோம். எச்.எம்.எஸ். விக்டரி 1759-இல் இங்கிலாந்தின் சாத்தம் தளத்தில் கட்டத் தொடங்கி, 1765-இல் நீரில் இறக்கப்பட்ட போர்க்கப்பல். 1805 ட்ரஃபால்கர் கடற்போரில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் இதில்தான் இறந்தார். இன்றும் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் உலர்துறையில், அதாவது நீரை வெளியேற்றிய கப்பல் துறையில், நிற்கிறது. பீரங்கித் தளத்தின் நீளம் ஏறத்தாழ 57 மீட்டர். 72-இல் ஒரு பங்காகச் செய்தால் அந்தத் தளம் 79 செ.மீ. வரும். மாதிரி செய்பவர்களுக்கு இதன் மேல் தீராத காதல். மூக்கோ குண்டு மூக்கு. பலகை போடுகிறவரைக் கண்ணீர் விட வைக்கும்.

முதலில் எலும்புக்கூடு. நீளவாக்கில் ஒரு பிளைவுட் தண்டு. நம் கப்பல் தச்சர்கள் ஏரா என்று சொல்லும் அடிக்கட்டையின் இடத்தில் அது நிற்கும். அதில் வெட்டிய பள்ளங்களில் குறுக்குச் சட்டங்கள் செருகப்படும். பிளைவுட்டில் அடுக்குகளின் நார் ஒன்றுக்கொன்று குறுக்காக ஓடுவதால் ஈரம் ஏறி இறங்கினாலும் சட்டம் அதிகம் கோணாது. அப்புறம் சட்டங்களின் விளிம்பை உப்புத்தாளால் சரிவாகத் தேய்க்க வேண்டும். நடுவிலுள்ள சட்டத்துக்குச் சரிவு ஏறக்குறைய வேண்டாம், மூக்கருகே நிறைய வேண்டும். சரியா என்று பார்க்க ஒரு மெல்லிய குச்சியைச் சட்டங்களின் குறுக்கே வளைத்து வைப்பார்கள். குச்சி எங்கேயும் திடீரென ஒடிந்து திரும்பாது, இருப்பதிலேயே குறைந்த முயற்சியில் வளையும். அதற்கும் சட்டத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் அங்கே ஏதோ தப்பு. பழைய கப்பல் வரைவாளர்கள் காகிதத்தில் கோடு போட்டதும் இப்படி வளைத்த குச்சியை வைத்துத்தான். அதற்கு ஸ்ப்லைன் என்று பெயர். இன்றைக்குக் கணினியில் வளைகோடு வரையும் கணக்குக்கும் அதே பெயர்.

இனிப் பலகையின் அளவு. நடுச் சட்டத்தின் விளிம்பைக் காகிதப் பட்டையால் அளந்தால் 120 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 5 மி.மீ. பலகை 24 வேண்டும். மூக்கில் அதே விளிம்பு 72 மி.மீ. தான் என்றால், அங்கே ஒவ்வொரு பலகையும் 3 மி.மீ. ஆகக் குறுக வேண்டும். பாதி அகலத்துக்குக் கீழே போகக் கூடாது என்பது தச்சர்களின் விதி. அதற்குக் கீழே போனால் நுனியில் ஆணிக்கு இடமிருக்காது. அங்கே இரண்டு பலகைகளின் இடத்தை ஒன்றே எடுத்துக்கொள்ளும்படி கோத்துவிடுவார்கள். பின்பக்கத்தில் கதை தலைகீழ். இடைவெளி விரியும், ஆப்பு போன்ற துண்டுகளைச் செருக வேண்டும்.

சரி, அளவு வந்துவிட்டது, ஆனாலும் மூக்கு வளைவில் பலகை முறிகிறதே? வளைந்த பலகையின் வெளிப்பக்கம் நீள்கிறது, உட்பக்கம் சுருங்குகிறது. எவ்வளவு நீளும் என்பது, பாதித் தடிமனை வளைவின் ஆரத்தால் வகுத்தால் கிடைக்கும். 1.5 மி.மீ. பலகையை 50 மி.மீ. ஆரத்தில் வளைத்தால் 1.5 சதவீதம். காய்ந்த மரநார் ஏறத்தாழ 1 சதவீதம் நீண்டாலே விட்டுக்கொடுக்கத் தொடங்கும். இதே வளைவில் அரை மி.மீ. பட்டை அரை சதவீதம்தான் நீளும், தண்ணீரே தேவையில்லை. மாதிரிக் கப்பலுக்கு இரண்டு அடுக்குப் பலகை போடும் வழக்கத்தில் மேல் அடுக்கு அவ்வளவு சாதுவாக இருப்பதன் ரகசியம் இதுதான்.

கீழ் அடுக்குக்கு வெந்நீர் வேண்டும். மரத்தின் செல் சுவரில் செல்லுலோஸ் இழைகள் கான்கிரீட்டுக்குள் கம்பி போல இருக்கின்றன. சுற்றியுள்ள கலவையில் முக்கியமானது லிக்னின். ஈர மரத்தில் அது ஏறக்குறைய 80 முதல் 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் இளகுகிறது. காய்ந்த மரத்தில் அதைவிட வெகு அதிகச் சூடு தேவை. தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டால் சட்டையின் சுருக்கம் எளிதில் போவது போலத்தான்: ஈரமும் சூடும் சேர்ந்தால் வளையும், காய்ந்து ஆறினால் அப்படியே நிற்கும். ராத்திரி முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறப்போடுகிறவர்கள் பாதி வேலையைத்தான் செய்கிறார்கள். சூடு இல்லாமல் லிக்னின் அசையாது. பெரிய கப்பல் தளங்களில் ஒரு அங்குலத் தடிமனுக்கு ஒரு மணி நேரம் ஆவி காட்டு என்பது பழைய கணக்கு. நமக்குக் கொதிநீரில் சில நிமிடங்கள் போதும்.

இளகிய பலகையை உடனே ஒட்டிவிடக் கூடாது. மரம் ஈரத்தில் நீளவாக்கில் அநேகமாக வளராது, அகலவாக்கில் உப்பும். ஈரத்தோடு ஒட்டினால் மறுநாள் காலையில் ஒவ்வொரு பலகைக்கும் நடுவே மயிரிழை விரிசல். கிளிப் போட்டு இடத்திலேயே காயவிட்டு, எடுத்து, பிறகு ஃபெவிகால் தடவ வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் பேஸ்ட் வைத்து அடைத்துக்கொண்டே இருக்கலாம்.

எந்த மரம் என்பதிலும் ஒரு வேடிக்கை உண்டு. விக்டரிக்கு ஓக் மரம், சரி. மாதிரிக்கு ஓக் ஆகாது. நம் தேக்கும் ஆகாது. இவற்றின் துளைகள் 0.3 மி.மீ. வரை இருக்கும். 72-ஆல் பெருக்கினால் நிஜக் கப்பலின் சுவரில் இரண்டு செ.மீ. ஓட்டைகள் என்று அர்த்தம். பார்ப்பவருக்குக் கப்பல் தெரியாது, மரத்துண்டுதான் தெரியும். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் பிரிட்டிஷ் கடற்படைக்காகப் பெரும்பாலும் 48-இல் ஒரு பங்காகச் செய்த மாதிரிகளில் பேரி மரமும் பாக்ஸ்வுட்டும் அதிகம் வருவதற்கு, துளை கண்ணுக்குத் தெரியாத அந்த நெருக்கமான நாரும் ஒரு காரணம்.

எடை இன்னொரு விதமாக ஏமாற்றும். நீளம் 72-இல் ஒரு பங்கு என்றால் கன அளவு 3,73,248-இல் ஒரு பங்கு. விக்டரி ஒதுக்கும் நீர் சுமார் 3,500 டன். எனவே மாதிரியைத் தொட்டியில் விட்டு அதே நீர்க்கோட்டில் மிதக்க வைக்க ஏறத்தாழ ஒன்பதரை கிலோ எடை வேண்டும். அலமாரிக்காகச் செய்த மாதிரி அவ்வளவு கனக்காது. தக்கை போல மேலே மிதந்து, பாய்மரப் பாரம் தாங்காமல் சாயத்தான் பார்க்கும்.

எல்லாம் முடிந்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பிறகும் ஒரு வில்லங்கம் காத்திருக்கிறது. பழைய மாதிரிகள் பலவற்றில் பீரங்கியும் நங்கூரமும் ஈயத்தில் வார்த்தவை. மரம், குறிப்பாக ஓக், ஆண்டுக்கணக்கில் மெல்ல அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். அது வினிகரின் அமிலம்தான். மூடிய பெட்டிக்குள் அது தங்கி ஈயத்தைத் தாக்கும். பிறகு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து வெள்ளைத் தூளாக்கும். அப்போது அமிலம் மறுபடி விடுபட்டு அடுத்த ஈயத்தைத் தேடிப் போகும். பழைய காலத்தில் ஐரோப்பாவில் வெள்ளை வண்ணம் தயாரிக்க ஈயச் சுருளையும் வினிகரையும் பானையில் வைத்து, சாணத்தின் சூட்டில் மாதக்கணக்கில் விட்டுவைத்ததும் இதே வேதியியல். ஓக் பீடமும் ஈயப் பீரங்கியும் இருந்தால் பெட்டியின் அடியில் இரண்டு, மேலே இரண்டு என்று காற்றுத் துளை போட்டுவிடுங்கள். தூசி வராமலிருக்க உள்ளே மெல்லிய துணி ஒட்டினால் போதும்.