சிம்பொனி: சொல்லும் பொருளும், ஹைடன் வழியாக

பத்து வயலின்கள் சேர்ந்து முழங்கினாலே 'சிம்பொனி மாதிரி இருக்கிறது' என்று சொல்லிவிடுகிறோம். திரைப்பாட்டின் இடையிசைக்கும் இதே சொல், மேடையை நிறைத்து உட்கார்ந்திருக்கும் வாத்தியக் குழுவுக்கும் இதே சொல். உண்மையில் சிம்பொனி என்பது ஓர் உருப்படி வகையின் பெயர். வர்ணம், கீர்த்தனை, தில்லானா என்று நாம் வகை பிரிப்பதைப் போன்றது. பெரிய வாத்தியக் குழுவுக்காக முழுவதும் எழுதி வைக்கப்பட்ட, பெரும்பாலும் நான்கு பகுதிகள் கொண்ட, பெரும்பாலும் பாட்டுக் குரல் இல்லாத நெடும் படைப்பு அது. 15 பேர் வாசித்தாலும் சிம்பொனி சிம்பொனிதான். நூறு பேர் சேர்ந்து ஒரு திரைப்பாட்டை வாசித்தாலும் அது சிம்பொனி ஆகாது.

சொல்லின் வேர் கிரேக்கம். 'சுன்' என்றால் உடன், சேர்ந்து. 'போனே' என்றால் ஒலி, குரல். பகரத்துக்கு முன் னகரம் மகரமாகி 'சும்போனியா' ஆயிற்று. கிரேக்க இசை நூல்களில் இது எந்தப் படைப்பையும் குறிக்கவில்லை. இரண்டு சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும்போது உண்டாகும் இசைவைத்தான் குறித்தது. ச–ம, ச–ப, ச–மேல் ச ஆகிய உறவுகளை அவர்கள் அப்படி அழைத்தார்கள். குரலுக்கும் இளிக்கும், அதாவது ச-வுக்கும் ப-வுக்கும் உள்ள உறவைப் பழந்தமிழ் இசை மரபு 'கிளை' என்றதே, ஏறத்தாழ அந்த இடத்தில் நிற்கும் சொல் இது. லத்தீனில் 'சிம்போனியா' ஆகி, இடைக்காலத்தில் சக்கரத்தைச் சுழற்றித் தந்தியை உரசி வாசிக்கும் ஒரு கருவிக்கும் பெயரானது. 1629இல் ஜெர்மன் இசையமைப்பாளர் ஹைன்ரிஷ் ஷூட்ஸ் வெளியிட்ட 'சிம்போனியே சாக்ரே' என்ற தொகுப்பில் குரலும் கருவியும் சேர்ந்த சமயப் பாடல்கள்தான் இருக்கின்றன.

இன்றைய பொருளுக்கு வழிவிட்டது இத்தாலிய 'சின்ஃபோனியா'. இசை நாடகம் தொடங்குமுன் வாசிக்கப்பட்ட முன்னிசை அது. விரைவு, மெதுவு, மறுபடி விரைவு என்று மூன்று துண்டுகள். 18ஆம் நூற்றாண்டில் மிலானில் சம்மர்த்தீனி போன்றவர்கள் நாடகத்தோடு தொடர்பில்லாமலே இப்படி எழுதத் தொடங்கினார்கள். ஜெர்மனியின் மன்ஹைமில் யோஹன் ஸ்டாமிட்ஸ் மூன்றோடு ஒரு மினுவெட் நடனத்தைச் சேர்த்து நான்காக்கினார். ஆனாலும் பெயர் நெடுநாள் நிலைகொள்ளவில்லை. 1791இல் லண்டன் கச்சேரி நிரல்களில்கூட ஹைடனின் சிம்பொனிகள் 'புதிய பெரும் முன்னிசை' என்ற பெயரில்தான் அச்சாயின.

ஆஸ்திரிய இசையமைப்பாளர் யோசஃப் ஹைடன் (1732–1809) இந்த வடிவத்தைக் கண்டுபிடித்தவர் அல்லர். ஆனால் சொல்லுக்கு இன்றுள்ள கனத்தைக் கொடுத்தவர்களில் அவரே முதலில் நிற்கிறார். 1750களின் இறுதியில் தொடங்கி 1795 வரை எழுதினார். 1761இல் எஸ்டர்ஹாசி பிரபுக் குடும்பத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது அவர் கையில் இருந்தவர்கள் ஏறக்குறைய 15 வாத்தியக்காரர்கள். லண்டனில் சாலமன் நடத்திய கச்சேரிகளில் அது 40 அளவுக்குப் போனது. 1795இல் 60 அளவுக்கு. படைப்பின் பெயர் ஒன்றே, குழுவின் அளவு மட்டும் நான்கு மடங்கு.

நான்கு பகுதிகளும் என்ன செய்கின்றன என்பதை அவருடைய 94ஆம் சிம்பொனியில் பார்க்கலாம். 1792 மார்ச் 23 அன்று லண்டனில் முதன்முறை வாசிக்கப்பட்டது. புல்லாங்குழல், ஓபோ, பசூன் ஆகிய குழல்கள், ஹார்ன், ட்ரம்பெட் ஆகிய கொம்புகள் ஒவ்வொன்றிலும் இரண்டு, டிம்பனி எனும் முரசுக்கு ஒருவர், அடியில் வில் வாத்தியங்கள். வாசிக்க 23 நிமிடம் அளவில் ஆகும்.

முதல் பகுதி மெதுவான முன்னுரையோடு தொடங்கி விரைவுக்குத் தாவுகிறது. சுருதி ஜி மேஜர். நம் காதுக்கு ஜி-யை ஆதாரமாகக் கொண்ட சங்கராபரணம். கொஞ்ச தூரம் போனதும் அந்த ஆதாரமே பஞ்சமத்துக்கு, டி-க்கு நகர்ந்துவிடும். கர்நாடக இசை பழகியவர்கள் தடுமாறுவது இங்கேதான். சுத்த மத்யமம் பிரதி மத்யமமாக மாறுவதைக் கேட்டு 'கல்யாணி வருகிறது' என்று நினைப்பார்கள். பழைய ச-வைக் காதில் பிடித்துக்கொண்டிருப்பதால் வரும் மயக்கம் இது. டி-யை ச என்று வைத்துக் கேட்டால் மறுபடி சங்கராபரணம்தான். ஆதாரத்தை மட்டும் இன்னொரு சுரத்துக்கு மாற்றும் கிரகபேதமும் அல்ல, அதில் சுரங்கள் மாறாது, இங்கே ஒரு சுரம் மாறியிருக்கிறது. இந்த இடப்பெயர்ச்சியும், நடுவில் பல சுருதிகளில் அலைந்து திரிவதும், கடைசியில் ஜி-க்குத் திரும்பிச் சேருவதும்தான் பகுதியின் கதை. அறிமுகம், விரிப்பு, மீள்வரவு என்று மூன்றையும் தமிழில் சொல்லலாம்.

இரண்டாம் பகுதி சி மேஜரில் ஒரு எளிய மெட்டு. ச ச க க ப ப க, ம ம ரி ரி நி நி ப என்று குழந்தைகூடப் பாடிவிடும். எட்டு தாள அலகுகள் மென்மையாக வாசித்து, அதையே இன்னும் மென்மையாகத் திருப்பி வாசிக்கிறார்கள். இம்முறை துணை வாத்தியங்கள் தந்தியை விரலால் சுண்டுகின்றன. பதினாறாவது அலகில் டிம்பனி உட்பட முழுக் குழுவும் ஒரே இடி. ஆங்கிலப் பெயர் 'வியப்பு' என்பதும், ஜெர்மன் பெயர் 'முரசடியோடு' என்பதும் இதனால் வந்தவை. ஹைடன் முதலில் எழுதிய வடிவில் இந்த இடி கிடையாது, பிறகு சேர்த்தது. மேடையில் இது சப்பென்று போனால், பெரும்பாலும் குற்றம் இடியில் இல்லை. அதற்கு முன் வரும் எட்டு அலகுகள் போதிய அளவு மெலியவில்லை. குழுவை நடத்துபவர் கையை ஓங்கி முன்கூட்டியே காட்டிக்கொடுத்தாலும் போயிற்று. இடி அதோடு சரி, திரும்ப வருவதில்லை. அதன்பின் அதே மெட்டின் மாறுபாடுகள் தொடர்கின்றன. இரண்டாவது மாறுபாடு மைனர் எனும் சோகச் சாயல் கொண்ட சுர வரிசைக்கு இருண்டு போவதைக் கவனியுங்கள். இடியைவிட அருமையான இடம் அதுதான் என்பது என் எண்ணம்.

மூன்றாவது மினுவெட், முக்கால் தாளம். காலெடுத்து ஆட முடியாத அளவு விரைவாக எழுதியிருக்கிறார். நான்காவது அதைவிட விரைவான முடிப்பு.

எல்லாம் இந்த அச்சில் வார்த்தவை என்று எண்ண வேண்டாம். 1772இல் எழுதிய 45ஆவது, 'விடைபெறல்' சிம்பொனியில் விரைவான முடிப்பு நின்றுபோய் ஒரு மெதுவான பகுதி தொடங்குகிறது. வாத்தியக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து போக, ஒலி அடக்கிய இரண்டு வயலின்கள் மட்டும் மிஞ்சுகின்றன. குடும்பத்தைப் பிரிந்து கோடை மாளிகையில் நெடுநாள் தங்க நேர்ந்தவர்கள் ஊருக்குப் போக விரும்புகிறார்கள் என்பதைப் பிரபுவுக்கு உணர்த்திய முறை அது.

இனி தமிழ்ச் சொல். 'சேர்ந்திசை' என்பது பலர் கூடிப் பாடுவதற்கு நிலைத்துவிட்டது. அதை இங்கே இழுத்தால் குழப்பம். 'இன்னிசை', 'மெல்லிசை' இரண்டும் வேறு திசை. 'ஒத்தின்னியம்' என்ற சொல் புழக்கத்தில் இருக்கிறது. ஒத்து ஒலிக்கும் இனிய இயம் என்று பிரித்தால் கிரேக்க வேருக்கு நெருக்கமாக அமைகிறது. குறை ஒன்று உண்டு: 'இயம்' என்றால் வாத்தியம். ஆகவே கேட்பவர் மனம் படைப்பை விட்டுக் கருவிகளுக்கே போகும். இதைத் தவிர்க்க, குழுவுக்கு 'பல்லியம்' என்பதைத் தனியே ஒதுக்கிவிட வேண்டும். திருமுருகாற்றுப்படையிலேயே உள்ள சொல் அது. நெடும்பல்லியத்தனார் என்று ஒரு புலவரே இருந்திருக்கிறார். 'ஆர்க்கெஸ்ட்ரா' என்று எழுதினால் தமிழ்நாட்டில் கல்யாண மண்டப மெல்லிசைக் குழுதான் நினைவுக்கு வரும் என்பதால் இந்தச் சொல் கட்டாயம் வேண்டியிருக்கிறது.

அதே நேரம், சிலப்பதிகாரத்தின் அரங்கேற்றுகாதையில் குழல்வழி யாழும் யாழ்வழித் தண்ணுமையும் நிற்பதைக் காட்டி 'அன்றே நம்மிடம் சிம்பொனி இருந்தது' என்பது சரியன்று. அங்கே ஒரு கருவி இன்னொன்றைப் பின்பற்றி நிற்கிறது. சிம்பொனியில் வெவ்வேறு மெட்டுகள் ஒரே நேரத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஓடுகின்றன. இரண்டும் இருவேறு அழகு.

2025 மார்ச் 8 அன்று இளையராஜாவின் 'வேலியன்ட்' லண்டனில் அரங்கேறியபோது தமிழ்நாடு முழுவதும் சொன்னது 'சிம்பொனி' என்றுதான். வாயில் பழகிய அந்த வடிவத்தை விரட்டத் தேவையில்லை. முதல் முறை 'சிம்பொனி எனும் ஒத்தின்னியம்' என்று எழுதி, பிறகு எது ஓட்டத்துக்குப் பொருந்துகிறதோ அதை எழுதலாம். பகுதிகளை 'இயக்கம்' என்று மொழிபெயர்ப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். அரசியல் இயக்கம் போல ஒலிக்கிறது; 'பகுதி' போதும்.

எண்களிலும் கவனம் தேவை. ஹைடனின் சிம்பொனிகள் 104 என்று எழுதுவது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இசை ஆய்வாளர் மாண்டிசெவ்ஸ்கி போட்ட பட்டியலின்படி. பின்னால் ஏ, பி என்ற இரண்டும் சேர்ந்து 106 ஆயின. வரிசையும் முழுக்கக் காலமுறை அன்று: 72ஆவது, 45ஆவதற்குப் பல ஆண்டுகள் மூத்தது. செல்லப் பெயர்களை நம்பியும் ஏமாறக் கூடாது. சரவிளக்கு விழுந்தும் யாருக்கும் பெரிய காயமில்லை என்பதால் 'அற்புதம்' என்று பெயர் பெற்றது 96ஆவது. விளக்கு விழுந்ததோ 1795இல் 102ஆவது வாசித்த இரவில். ஆகவே 'ஹைடன், சிம்பொனி எண் 94, ஜி மேஜர்' என்று எண்ணும் சுருதியும் சேர்த்து எழுதுவதே சரியான முறை.